முதலில் பட்டியல், அப்புறம் ஸ்கேன்

பொது நூலகத் துறை, தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அருங்காட்சியகங்கள் துறை ஆகிய மூன்றின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் மூன்று துறைகளிடமும் உள்ள வடசென்னை ஆவணங்களுக்கு ஒரே கூட்டுப் பட்டியல் வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். நான் வடசென்னை ஓட்டேரிக்காரன். தாத்தா பின்னி மில்லில் தறி ஓட்டியவர். 1921 வேலைநிறுத்தம் பற்றி அவர் சொன்ன கதைகளைக் காகிதத்திலும் பார்த்துவிட வேண்டும் என்று ஓய்வு பெற்றபின் அலையத் தொடங்கினேன். ஓரிடத்தில் ‘பின்னி மில்’ என்று கேட்டேன்; தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். இரண்டு மாதம் கழித்து ஓர் ஆராய்ச்சி மாணவி சொல்லித்தான் தெரிந்தது, நான் தேடிய கோப்பு அதே கட்டடத்தில், அந்த மில்லின் முறையான பெயரான ‘பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக்’ என்பதன் கீழ் இருந்திருக்கிறது. அந்த ஊழியரைக் குறை சொல்லமாட்டேன். அவருடைய பட்டியலில் பின்னி என்ற சொல்லே இல்லை, பாவம் அவர் என்ன செய்வார்?

வடசென்னையின் வரலாறு இப்படித்தான் சிதறிக் கிடக்கிறது. 1918இல் பி.பி.வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் முன்னின்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றி ஒருவர் படிக்க வேண்டுமென்றால், அரசாணைகளுக்கு ஆவணக் காப்பகம், பழைய இதழ்களுக்கு நூலகங்கள், படங்களுக்கும் பொருட்களுக்கும் வேறெங்கோ என்று போக வேண்டும். இடங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. மண்ணடி லிங்கிச் செட்டித் தெருவில் இருந்த மறைமலையடிகள் நூலகம் கன்னிமாரா வளாகத்துக்குப் போய்ப் பல வருடமாகிறது. இன்றும் மண்ணடியில் விசாரிக்கிறவர்கள் உண்டு.

டிஜிட்டல் என்றாலே நம் ஊரில் ஸ்கேன் இயந்திரம் வாங்குவதுதான் நினைவுக்கு வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை நானும் பயன்படுத்துகிறேன், நல்ல வேலை. ஆனால் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து முடிக்க எத்தனை காலம் ஆகுமோ. எது எங்கே இருக்கிறது என்கிற ஒரே கூட்டுப் பட்டியலை அதற்கு முன்பே போட்டுவிடலாம். அதைத்தான் கேட்கிறேன்.

மூன்று துறைகளும் பொருளை மூன்று விதமாகப் பார்க்கின்றன என்பது தெரியும். நூலகத்துக்கு ஆசிரியரும் தலைப்பும் வேண்டும். காப்பகத்துக்கு எந்தத் துறையின் கோப்பு, என்ன எண், என்ன ஆண்டு என்பது வேண்டும். அருங்காட்சியகத்துக்கு எதனால் செய்தது, எவ்வளவு பெரியது, எங்கே கிடைத்தது என்பது வேண்டும். இவற்றை ஒரே அச்சில் வார்க்க வேண்டாம். அவரவர் பதிவேடு அவரவரிடமே இருக்கட்டும். பொதுவான சில விவரங்களை மட்டும் திரட்டினால் போதும். தலைப்பு, ஆண்டு போன்ற 15 கூறுகளில் எந்தப் பொருளையும் குறித்துவைக்கும் டப்ளின் கோர் என்ற பொது முறை இதற்கு உதவும். நூலகங்களுக்குக் கோஹா என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

கஷ்டமான வேலை பெயர்கள்தான். ராயபுரம், இராயபுரம், வண்ணாரப்பேட்டை, வாஷர்மேன்பேட்டை, பழைய கோப்பில் பிளாக் டவுன், பிறகு ஜார்ஜ் டவுன், எங்கள் வாயில் வெறும் பாரிஸ். கலியாணசுந்தரனார், கல்யாணசுந்தர முதலியார், திரு.வி.க. மூன்றும் ஒரே ஆள் என்று கணினிக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். பணத்தையும் ஆளையும் இங்கே போடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் பெயரிட்டுவிட்டுத் தமிழை அப்புறம் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்த அப்புறம் வரவே வராது.

நூலகச் சட்டம் வந்தது 1948இல். அந்தச் சட்டப்படி சொத்துவரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம், கேட்க உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். வியாசர்பாடி, புளியந்தோப்புப் படிப்பகங்களையும் சங்க அலுவலகங்களையும் விட்டுவிடாதீர்கள். தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள் மட்டும் வேறு கதை: இன்ன பதிவேடு இன்ன இடத்தில் என்று குறித்தால் போதும், உள்ளே இருக்கும் பெயர்களைத் திறந்துவிட வேண்டாம்.

எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் மில் டோக்கன் இருக்கிறது, பித்தளையில், எண் தேய்ந்துபோய். அதை யாருக்கும் கொடுக்க அம்மா சம்மதிக்க மாட்டார். ஆனால் ஓட்டேரியில் ஒரு வீட்டில் இப்படி ஒன்று இருக்கிறது என்று எழுதிக்கொள்ள வருபவருக்குக் காட்டுவார், காபியும் கொடுப்பார்.

இப்படிக்கு,
ஓட்டேரி வாசகன் ஒருவன்