சன்ரூஃபுக்கு சிலிக்கன் அடிக்க முதல்: எங்கள் ஊர் கராஜ்காரருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கராஜ் நடத்தும் அண்ணாமாருக்கும் நானாமாருக்கும், உங்களிடம் தொழில் பழகும் தம்பிமாருக்கும்,

மாரி தொடங்க முதல் இந்த மடல் உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று எழுதுகிறேன். சன்ரூஃப் வண்டிகள், அதாவது கூரையில் கண்ணாடி திறக்கிற வண்டிகள், முந்தி ஒரு சில பேரிடம்தான் இருந்தன. இப்போது வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வண்டிகளுக்குத் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாங்கள் ஒருவர் விற்ற பழைய வண்டியை இன்னொருவர் வாங்கித்தான் ஓட்டினோம். அதனால் உங்களிடம் வருகிற சன்ரூஃப் வண்டிகளில் வயதானவை அதிகம். கார்த்திகை, மார்கழி வந்தால் அவை ஒழுகும்.

ஒழுகுகிறது என்று கொண்டுவந்தால் என்ன நடக்கிறது? கண்ணாடியைச் சுற்றி சிலிக்கன் பசை. பெரும்பாலான இடங்களில் இதுதான் முதல் வைத்தியம், பல இடங்களில் இதுவே கடைசி வைத்தியமும். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். இந்த மடலில் நான் கேட்க வந்தது இது ஒன்றைத்தான்.

சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர், தண்ணீரை முழுதாக மறிப்பதற்குச் செய்யப்பட்டதல்ல. கொஞ்சத் தண்ணீர் உள்ளே இறங்கும் என்று தெரிந்தேதான் கம்பனிக்காரன் அதைச் செய்திருக்கிறான். இறங்கும் தண்ணீரைப் பிடிக்கக் கண்ணாடிக்குக் கீழே சுற்றிவர ஒரு தட்டு இருக்கும். எங்கள் வீட்டுக் கூரைப் பீலி மாதிரித்தான். அதன் மூலைகளில் ஓட்டை, ஓட்டையிலிருந்து மெல்லிய குழாய். முன்மூலைக் குழாய்கள் முன்கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் உள்ள தூணுக்குள்ளால் இறங்கி, கதவுப் பிணைச்சல் பக்கமோ முன்சில்லின் மட்கார்ட் பக்கமோ வெளியே விடும். பின்மூலைக் குழாய்கள் பின்தூணுக்குள்ளால் போய், பின்சில்லுக்கு அருகிலோ பம்பருக்கு உள்ளேயோ முடியும். வண்டிக்கு வண்டி இடம் கொஞ்சம் மாறும், ஒழுங்கு இதுதான்.

ஆக, சீலிங் நனைகிறது என்றால் தண்ணீர் உள்ளே வந்தது பிழையல்ல, வெளியே போக வழியில்லாததுதான் பிழை. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அள்ளிக்கொண்டுவரும் புழுதி, கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டியென்றால் குறுமணல், மரத்துக்குக் கீழே நிற்பதென்றால் வேப்பம்பூ, புளியிலை, முருங்கையிலை. எல்லாம் அந்தத் தட்டில் சேர்ந்து, முதல் மழையில் சேறாகிக் குழாய் வாயில் இறுகிவிடும். அடுத்த மழைக்குத் தட்டு நிரம்பி, தண்ணீர் சீலிங்குக்குள் வழியும். அங்கிருந்து தூண் வழியாகக் காலடி கார்ப்பெட்டுக்கு.

சிலிக்கன் அடித்தாலும் குழாய் அடைத்தபடிதான் இருக்கும். வெயிலில் கூரை விரிந்து சுருங்க, ரோட்டில் வண்டி குலுங்க, சிலிக்கன் எங்கேயோ ஒரு மயிரளவு விடும். பிறகு பழைய கதைதான். இடையில் யாராவது மறந்துபோய்ச் சுவிட்சை அமத்தினால் ஒட்டிய கண்ணாடியை மோட்டார் இழுக்கப் பார்க்கும், கேபிள் கெட்டுவிடும். வினாகிரி மணம் அடிக்கிற மலிவான சிலிக்கன் என்றால் அதில் வரும் அமிலம் இரும்பைத் துருப்பிடிக்கவும் வைக்கும்.

போன மாரியில் என் மச்சானின் வண்டிக்கு இதேதான் நடந்தது. கராஜின் பெயர் வேண்டாம். சிலிக்கன் அடித்து அனுப்பினார்கள், மூன்றாம் மழைக்குச் சாரதி இருக்கைப் பக்கம் திரும்பவும் ஈரம். பிறகு கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்துத்தான் பார்த்தோம். காய்ந்த சிலிக்கனை மூங்கில் சிராயால் உரித்துக் கண்ணாடியைத் திறந்தால், முன்மூலை ஓட்டையே கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு கறுத்த சேறு. அதைத் துணியால் வழித்தெடுத்துவிட்டுத் தடித்த தங்கூசியை, அதுதான் மீன்பிடிக்கிற நைலோன் நூலை, உள்ளே விட்டோம். ஒரு முழம் போனதும் முட்டியது. திருகித் திருகித் தள்ள, கதவுப் பிணைச்சலுக்குப் பக்கத்தில் முதலில் கறுப்பாக இரண்டு சொட்டு, பிறகு ஒரு சின்னக் கட்டி, அதற்குப் பின்னால் தண்ணீர் சளசளவென்று கொட்டியது. கட்டியை விரலால் நசுக்கினால் உள்ளே வேப்பங்காம்பு.

இந்த வேலையை எங்களைவிட நீங்கள் பத்து மடங்கு நன்றாகச் செய்வீர்கள். ஆனால் சில விசயத்தில் அவதானம் வேண்டும். தங்கூசி, இல்லாவிட்டால் புல்வெட்டி மெசினுக்குப் போடும் நைலோன் கயிறு போதும், நுனியை நெருப்பில் காட்டி மழுக்கிக்கொள்ளுங்கள். கம்பி வேண்டாம், பழைய குழாயைக் குத்திவிடும். கொம்பிரசரை முழு அமுக்கத்தில் பிடிக்கவே வேண்டாம். தூணுக்குள்ளே குழாய் இணைப்பிலிருந்து கழன்று போனால் வெளியே தெரியாது, அடுத்த மழை நேரே உள்ளேதான் இறங்கும். குழாயின் கீழ் நுனியில் சில வண்டிகளில் சின்னதொரு ரப்பர் வாய் இருக்கும். பெரும்பாலும் அடைப்பு அந்த இடத்தில்தான், அதையும் பிதுக்கிச் சுத்தம் பண்ணுங்கள். தூணின் பிளாஸ்டிக்கைக் கழற்ற வேண்டி வந்தால் அதற்குள் திரைபோல் விரியும் எயார்பேக் இருக்கக்கூடும். பற்றறியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்துத் தொடங்குங்கள். தம்பிமாருக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

சோதிப்பதற்கு ஒரு போத்தல் தண்ணீர் காணும். கண்ணாடியைத் திறந்து ஒவ்வொரு மூலையிலும் மெதுவாக ஊற்றுங்கள், உடனே கீழே வரவேண்டும், இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வரவேண்டும். ஊற்றிய தண்ணீர் கீழேயும் வரவில்லை, தட்டிலும் நிற்கவில்லை என்றால் குழாய் உள்ளே கழன்றோ வெடித்தோ இருக்கிறது. பின்மூலை ஓட்டை பல வண்டிகளில் கண்ணுக்குப் படாது. எங்கள் ஊரில் ஏற்ற இறக்கமும் கிடையாது, முன்சில்லு இரண்டுக்கும் கீழே பலகை வைத்து ஏற்றிவிட்டு ஊற்றினால் தண்ணீர் தானாகப் பின்னுக்குப் போகும். வண்டி கழுவத் தண்ணீர் பீய்ச்சும் சேர்விஸ் கன்னை நேரே ரப்பரில் அடித்துவிட்டு ஒழுகுகிறது என்று சொல்லாதீர்கள், அந்த அமுக்கத்துக்குப் புது வண்டியும் ஒழுகும்.

கார்ப்பெட் நனைந்ததெல்லாம் சன்ரூஃபால் அல்ல என்பதும் ஞாபகமிருக்கட்டும். மழையே இல்லாத நாளில் முன்பக்கக் காலடி நனைந்தால் முதலில் ஏசியின் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். எங்கள் புழுக்கத்துக்கு ஏசி விடும் தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. முன்கண்ணாடி ஒட்டு, கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாள், கூரை அன்டனாவின் அடி ரப்பர், இவையும் ஒழுகும். திறக்காத கண்ணாடிக் கூரை என்றால் கதை வேறு, அது பசையில் ஒட்டியது, கழற்றித் திரும்ப ஒட்ட வேண்டியதாகவும் வரலாம்.

அப்புறம், காயவைப்பது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் கார்ப்பெட்டுக்குக் கீழே உள்ள தடித்த பஞ்சு கிழமைக் கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இருக்கையைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி வெயிலில் போடாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், பிள்ளைகளுக்கு இழுப்பு உள்ள வீடென்றால் அது பெரிய வில்லங்கம். இருக்கைக்கு அடியில் ஓடும் மஞ்சள் நிற இணைப்புகள் எயார்பேக்குக்கு உரியவை, அவற்றில் பச்சை பூத்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும். மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் போன்ற, பெற்றோலோடு பற்றறியிலும் ஓடும் ஹைபிரிட்களில் பெரிய பற்றறியும் 12 வோல்ட் பற்றறியும் பின்பக்கத்தில்தான். அங்கே பின்குழாய் அடைத்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது. சிலிக்கன் என்றால் சல்லியைக் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுகிறோம், ஒரு மணித்தியாலம் குனிந்து நிமிர்ந்து குழாய் துப்பரவாக்கினால் “சும்மா தண்ணிதானே ஊத்தினீங்க” என்கிறோம். அது நியாயமில்லை. ஆகையால் புரட்டாதி மாதச் சேர்விஸில் சன்ரூஃப் குழாய்ச் சோதனையைத் தனி வேலையாகச் சேருங்கள், அதற்குத் தனிக் கூலியும் போடுங்கள். பில்லில் எழுதுங்கள். எந்த மூலை அடைத்திருந்தது, எது கழன்றிருந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டால் அடுத்த முறை வேறு கராஜுக்குப் போனாலும் அங்குள்ளவருக்கு உதவும். ஏற்கெனவே சிலிக்கன் அடித்து அனுப்பிய வண்டிகள் உங்கள் ஞாபகத்தில் இருக்கும். மழைக்கு முதல் அவர்களுக்கு ஒரு கோல் எடுத்து வரச்சொல்லுங்கள்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து ஒரு வாடிக்கையாளர்