ஃபைன் கட்டியாச்சு, முடிச்சு விடுங்க: எங்க அபார்ட்மென்ட் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

செகரட்டரி சாருக்கும் ட்ரெஷரர் மேடத்துக்கும் கமிட்டில இருக்கற மத்த எல்லாருக்கும் வணக்கம்.

பி ப்ளாக் மூணாவது மாடில இருந்து எழுதறேன். ஏழு பேர் கமிட்டில நாலு பேர் தமிழ்க்காரங்க, அதனால தமிழ்லயே எழுதிட்டேன். மீதி மூணு பேருக்கு எனக்குத் தெரிஞ்ச அரைகுறை கன்னடத்துல பார்க்கிங்ல நின்னே சொல்லியாச்சு, அவங்க சிரிச்சாங்க. நீங்களும் கொஞ்சம் சிரிச்சுட்டே படிச்சீங்கன்னா சந்தோஷம்.

விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். மார்ச் மாசம் ஊர்ல இருந்து எங்கம்மா வந்தாங்க, பெங்களூர் பன்னேர்கட்டா ரோட்டு வெயில் இப்படி வீணாப் போகுதேன்னு அவங்களுக்குத் தாங்கல, மொட்டை மாடில அப்பாவோட பழைய வேட்டிய விரிச்சு நாலு மூலைக்கும் கல்லு வெச்சு கூழ் வடாம் பிழிஞ்சுட்டாங்க, காக்காக்கு பயம் காட்ட ஒரு கறுப்புக் குடை வேற. சாயங்காலமே நோட்டீஸ் வந்துருச்சு, பொது இடத்த ஆக்கிரமிச்சதுக்கு 500 ரூபா ஃபைன். தப்பு எங்க மேலதான், பை-லால, அதான் நம்ம அபார்ட்மென்ட் விதில, இருக்கு, அதுக்கு நான் வாதாட வரல. அன்னிக்கு ராத்திரியே யுபிஐல கட்டிட்டேன், ரசீதும் வந்துருச்சு. ஆனா ஃபைன் பாக்கின்னு நீங்க ஒட்டற ஏப்ரல் லிஸ்ட்லயும் எங்க ஃப்ளாட் நம்பர், மே லிஸ்ட்லயும் எங்க ஃப்ளாட் நம்பர், இந்த ஜூன்லயும் லிஃப்ட்டுக்குள்ள ஒட்டியிருக்கு, வாட்ஸப் குரூப்ல வேற மாசா மாசம் போட்டோ எடுத்துப் போடறீங்க.

போன வாரம் லிஃப்ட்ல அந்தப் பேப்பரப் பாத்துட்டு அம்மா கேட்டாங்க, "ஹவ் ஆர் யூன்னா ஐ ஆம் ஃபைன்னு சொல்லணும்னுதானே எங்க டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க, நல்லா இருக்கறதுக்கா 500 ரூபா வாங்கறாங்க?" கீழ கன்னடத்துல என்ன போட்டிருக்குன்னும் கேட்டாங்க. 'தண்ட'ன்னு போட்டிருக்குன்னேன். "ஆமா, அது சரியாப் போட்டிருக்காங்க, தண்டம்தான்"னுட்டு இறங்கிப் போயிட்டாங்க.

எனக்குத்தான் அந்தக் கேள்வி விடல. ராத்திரி அகராதி அகராதியாத் தேடினேன், தேடினதுல எனக்கு ஒரு பாயிண்ட் கிடைச்சிருக்கு, அதச் சொல்லத்தான் இந்த லெட்டரே.

நல்லா இருக்கேன்ங்கற ஃபைனும் காசு பிடுங்கற ஃபைனும் ஒரே வயித்துல பொறந்தது. லத்தீன்ல 'ஃபினிஸ்'னு ஒரு வார்த்தை, முடிவு, எல்லைன்னு அர்த்தம். அது பிரெஞ்சுல 'ஃபேன்' மாதிரி மூக்கால சொல்ற ஒரு சொல்லாகி, அங்கிருந்து 13ஆம் நூற்றாண்டு வாக்குல இங்கிலீஷுக்குள்ள வந்துச்சு. ஒரு வேலைய கடைசி வரைக்கும் இழைச்சு முடிச்சா அது உசத்தி, அதனால ஃபைன்னா அருமை. இழைக்க இழைக்க மெலிசாகும் இல்லையா, அதனால ஃபைன்னா நைஸ், பொடி, நுணுக்கம். இங்க மளிகைக் கடைல சிரோட்டி ரவைன்னு கேட்டா குடுக்கறானே அது ஃபைன் ரவை. கண்ணுக்கே தெரியாம பத்திரத்து அடில அடிச்சிருப்பாங்களே அது ஃபைன் பிரின்ட். சின்னசாமி ஸ்டேடியத்துல விக்கெட் கீப்பருக்குப் பின்னாடி தள்ளி பிட்ச் நேர்க்கோட்டுக்குக் கிட்டக்க நிக்கிறவர் ஃபைன் லெக். நம்ம வளையல்ல 916னு குத்தியிருக்கே அதுவும் ஃபைன்னெஸ் கணக்குதான், ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம். ஃபினிஷ், ஃபைனல், டிஃபைன், கன்ஃபைன், ரிஃபைன் எல்லாமே அதே குடும்பம் (மீனோட ஃபின் மட்டும் கிடையாது, அது வேற வம்சம்). பியானோ கிளாஸ் போற நம்ம குழந்தைங்களக் கேட்டுப் பாருங்க, நோட்ல 'ஃபீனே'ன்னு போட்டிருந்தா அங்க வாசிப்பு முடியுதுன்னு அர்த்தம்.

சரி, காசு வாங்கற ஃபைனுக்கு வரேன், இதத்தான் நீங்க நிதானமாப் படிக்கணும். பழைய இங்கிலாந்துல ராஜாவோட கோவத்துக்கு ஆளானவன் ஜெயில்ல கிடப்பான், ஒரு தொகைய ஒத்துக்கிட்டுக் கட்டி விவகாரத்த முடிச்சுட்டு வெளிய வருவான், அப்படி முடிச்சு வைக்கற பணத்துக்குத்தான் ஃபைன்னு பேரு. அதாவது பணம் அங்க தண்டனையே இல்ல, தண்டனைய நிறுத்தறதுக்குக் குடுக்கற பணம். கடன முடிக்கறதுக்கு பிரெஞ்சுல சொன்ன அதே சொல்லுல இருந்துதான் ஃபைனான்ஸும் வந்துச்சு, அதனால ட்ரெஷரர் மேடம், உங்க டிபார்ட்மென்ட்டோட பேரே முடிக்கறதுதான்.

இன்னொண்ணு படிச்சேன், ரொம்பப் பிடிச்சுது. அந்தக் காலத்துல அங்க நிலம் கைமாத்தணும்னா கோர்ட்ல பேருக்கு ஒரு கேஸ் போட்டு, உடனே சமாதானம் ஆயிட்டோம்னு எழுதி வாங்கிப்பாங்களாம், அந்தச் சமாதானப் பத்திரத்துக்கும் ஃபைன்னுதான் பேரு. ஒரே தோல்ல அதே வாசகத்த மூணு தடவை எழுதி நெளிநெளியா வெட்டி, மேல ரெண்டு துண்டும் ரெண்டு பார்ட்டிக்கு, அடித்துண்டு சர்க்காருக்கு. பின்னாடி எவனாவது போலிப் பத்திரம் கொண்டு வந்தான்னா நெளிவு பொருந்தாது, மாட்டிப்பான். 1195ல ஆரம்பிச்ச இந்த மூணு காப்பி ஏற்பாடு 1833ல சட்டம் போட்டு நிறுத்தற வரைக்கும் ஓடியிருக்கு, அந்த அடித்துண்டெல்லாம் இன்னிக்கும் லண்டன்ல கியூ-ங்கற இடத்துல ஆவணக் காப்பகத்துல இருக்கு. அதோட ஆரம்ப வரியே 'இது இறுதி உடன்பாடு'ன்னு லத்தீன்ல. இறுதி! நம்ம லிஃப்ட் பேப்பர்ல அந்த இறுதிதான் காணோம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கென்னன்னு செகரட்டரி சார் கேப்பீங்க. தமிழ்ல 'தீர்'ங்கற சொல்ல எடுத்துக்கோங்க. கடன் தீந்துது, வழக்கு தீந்துது, அதுல இருந்து தீர்வு, தீர்ப்பு, அப்புறம் பாருங்க தீர்வை, சர்க்காருக்குக் கட்டற வரி. முடிக்கறதும் பணம் கட்டறதும் நம்ம பாஷைலயும் ஒரே வேர்லதான் இருக்கு, யாரும் யார்கிட்டயும் காப்பி அடிக்கல. டிஃபைன்ங்கறதுல ஃபினிஸ் எல்லையா உக்காந்திருக்கற மாதிரியே நம்ம வரையறைல 'வரை' உக்காந்திருக்கு. அபராதம்தான் கொஞ்சம் கோணல், சமஸ்கிருதத்துல அதுக்கு குத்தம்னு அர்த்தம், நம்ம ஆளுங்க குத்தத்தோட பேர அப்படியே குத்தத்துக்குக் கட்டற காசுக்கு வெச்சுட்டாங்க. ஒருவேளை நீங்க அந்த ரூட்ல போறீங்களோ என்னவோ, காசு வந்தாலும் குத்தம் அப்படியே நிக்குது. தண்டத்தப் பத்தி நான் பேசப் போறதில்ல. கம்புக்கும் அதே பேரு, தெண்டத்துக்கும் அதே பேரு, பெருமாள் முன்னாடி விழுந்து சேவிக்கறதுக்கும் அதே பேரு, அதுல இறங்கினா இந்த லெட்டர் முடியாது.

பை-லான்னு அடிக்கடி சொல்றீங்களே, அந்த 'பை' கூட வட ஐரோப்பாவோட வைக்கிங் கடலோடிங்க பாஷைல ஊர்ங்கற சொல்லுல இருந்து வந்ததாம், ரக்பி, டெர்பின்னு ஊர்ப் பேர் முடியுதே அந்த 'பி'. ஆக பை-லான்னா ஊர்க்கட்டுப்பாடு. இத அம்மாகிட்ட சொன்னேன். "எங்க ஊர்லயும் கட்டுப்பாடு உண்டு, தண்டம் கட்டினா அங்கயே வெத்தலை பாக்கு குடுத்து சேத்துப்பாங்க, மறுநாள் அதப் பேசினா பேசினவனுக்குத் தண்டம்"னாங்க. டிராஃபிக் போலீஸையே எடுத்துக்கோங்களேன், 2023 பிப்ரவரில பழைய பாக்கிக்கெல்லாம் பாதி தள்ளுபடின்னாங்க, பெங்களூரே கியூல நின்னு கட்டுச்சு, என் வண்டி மேலயும் ரெண்டு சிக்னல் ஜம்ப் இருந்துச்சு, கட்டின கையோட பாக்கி லிஸ்ட்ல இருந்து போயிருச்சு. போலீஸே மறந்துட்டாங்க, நம்ம லிஃப்ட்டு மறக்க மாட்டேங்குது.

அதனால கேக்கறது ரெண்டே ரெண்டு. கட்டாதவங்க பேர தாராளமா ஒட்டுங்க, கட்டினவங்கள அன்னிக்கே எடுத்துருங்க. குரூப்ல போட்ட மூணு போட்டோவையும் அழிச்சுருங்க. செகரட்டரி சார், உங்க ஹால் சுவரும் எங்க கிச்சன் சுவரும் ஒரே சுவர். அஃபினிட்டின்னு ஒரு வார்த்தை இருக்கே, ஒட்டுறவு, அதுக்குள்ளயும் இதே ஃபினிஸ்தான், எல்லைய ஒட்டி இருக்கறவங்கன்னு அர்த்தம். மிக்ஸி சத்தம் பத்தி நீங்க ஒரு நாளும் கம்ப்ளெய்ன்ட் பண்ணதில்ல, அதுக்கு இந்தச் சாக்குல ஒரு தேங்க்ஸ்.

அம்மா அடுத்த மாசி மாசம் திரும்ப வர்றாங்க. ஜவ்வரிசிக்கு இப்பவே சொல்லி வெச்சாச்சு. மொட்டை மாடில தண்ணி டேங்க்குக்குப் பின்னாடி நாலுக்கு ஆறடி இடம் சும்மா கிடக்கு, யாரும் நடக்கறதில்ல, அங்க ரெண்டு நாள் வேட்டி விரிச்சுக்கலாமான்னு ஆகஸ்ட் மீட்டிங்ல பேசி ஒரு வரி எழுத்துல குடுங்க. பிழிஞ்சதுல ஒரு டப்பா கமிட்டிக்குத் தனியா எடுத்து வைக்கறேன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க.

இப்படிக்கு,
பி ப்ளாக், மூணாவது மாடி, வடாம் வீடு