சண்டை போட்டு சமாதானம் ஆகவும் பழகணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பசங்களும் செல்போனும் பத்தி போன இதழ்ல வந்த கட்டுரையப் படிச்சேன். அக்கறையா எழுதியிருந்தாங்க, ஆனா ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பாக்கலாம்ங்கற கணக்குலயே முழுசும் போயிடுச்சு. ஹைஸ்கூல் பசங்களோடயே பல வருஷமா இருக்கற டீச்சர் நான், எனக்கு வேற ஒரு கவலை இருக்கு, அதச் சொல்லணும்னு தான் எழுதறேன்.

இப்ப வளர்ற பசங்களுக்கு சண்டை போட்டு திரும்ப சமாதானம் ஆகற பழக்கமே குறைஞ்சுட்டு வருது. முன்னாடியெல்லாம் ரெண்டு பேர் முறைச்சுக்கிட்டாலும் மறுநாள் அதே பெஞ்ச்ல தான் உக்காரணும், நோட்டு கேக்கணும், சேந்து தான் விளையாடணும், அப்படி இப்படின்னு ரெண்டு நாள்ல பேச்சு வந்துடும். மூஞ்சியப் பாத்தே இவ இன்னும் கோவமா இருக்காளா இல்ல நாம போனா பேசிடுவாளான்னு கண்டுபிடிச்சுடுவாங்க. இப்ப பிளாக் பண்ணிட்டா போதும், அதோட முடிஞ்சுது.

போன டெர்ம்ல ஒரு பொண்ணு இன்டர்வல் நேரத்துல எல்லாம் தனியாவே உக்காந்திருந்தா. விசாரிச்சா, அவ ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல திடீர்னு யாருமே மெசேஜ் போடறதில்லயாம். குரூப் அப்படியே தான் இருக்கு, யாரும் வெளிய போகல, இவளையும் யாரும் எடுக்கல. அப்புறம் தான் தெரிஞ்சுது, இவள மட்டும் விட்டுட்டு மத்தவங்க எல்லாரும் சேந்து புதுசா ஒரு குரூப் ஆரம்பிச்சுட்டாங்கன்னு. யாரும் திட்டல, அடிக்கல, போய் புகார் சொல்லக்கூட ஒரு வார்த்தை இல்ல அவகிட்ட. அந்த குரூப்ல இருந்த ஒருத்தியக் கூப்பிட்டு, ஏம்மா, கோவம்னா நேர்லயே சொல்லியிருக்கலாம்லன்னு கேட்டேன். "எப்படி மிஸ் மூஞ்சிக்கு நேரா சொல்றது, ஒரு மாதிரி இருக்கும்"ன்னா. நல்ல பொண்ணு தான் சார் அவளும். ஆனா அந்தக் கூச்சத்தத் தாண்டிப் பழக வேண்டிய வயசுல, தாண்டாமலே போறதுக்கு கையில ஒரு வழி இருக்கு.

கலிஃபோர்னியா யுனிவர்சிட்டில 2014ல வெளியிட்ட ஒரு ஆராய்ச்சி எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். ஆறாவது படிக்கற 51 பசங்கள 5 நாள் எந்த ஸ்கிரீனும் இல்லாத கேம்ப்ல வச்சிருந்தாங்க. முடிஞ்சு வந்ததும், அடுத்தவங்க முகத்தப் பாத்து மனசுல என்ன இருக்குன்னு சொல்றதுல, வழக்கம்போல ஸ்கிரீனோட இருந்த பசங்கள விட இவங்க நல்லாவே முன்னேறியிருந்தாங்க. சின்ன ஆராய்ச்சி தான், கேம்ப்ல கூடப் பழகினதுனால வந்ததா போன் இல்லாததுனால வந்ததான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. என்னக் கேட்டா அது ரெண்டும் ஒண்ணு தான், கூடப் பழகினா வருது, அவ்வளவு தான். மணிக்கணக்க மட்டும் பாக்கறதுல பெருசா ஒண்ணும் கிடைக்காதுன்னும் ஆராய்ச்சி இருக்கு, ஆக்ஸ்ஃபோர்டுல 2019ல பெரிய அளவுல டேட்டா எடுத்துப் பாத்தப்ப, பசங்க மனநிலைல இருக்கற வித்தியாசத்துல அதிகபட்சம் 0.4 சதவீதம் தான் ஸ்கிரீனோட சம்பந்தப்பட்டதா வந்துச்சு.

அப்ப கேக்க வேண்டியது, அந்த நேரத்துல என்ன நடக்குதுங்கறதத் தான். ஃபேஸ்புக்ல லைக் பட்டன் 2009ல வந்துச்சு. 2016ல வந்த ஒரு ஆராய்ச்சில டீனேஜ் பசங்கள மூளைய ஸ்கேன் பண்ற மெஷின்ல வச்சு போட்டோ காட்டினப்ப, நிறைய லைக் வாங்கின மாதிரி காட்டின போட்டோவுக்குத் தான் அவங்களும் லைக் போட்டாங்க. போட்டோ அனுப்பிக்கற ஸ்னாப்சாட் ஆப்ல ஸ்ட்ரீக்னு ஒண்ணு, எத்தனை நாளா விடாம அனுப்பிக்கறாங்கங்கற கணக்கு, தினமும் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எதாவது அனுப்பலன்னா அந்த எண்ணிக்கை போயிடும். பரீட்சைக்கு முந்தின நாள் கூட பசங்க வெறும் சுவர போட்டோ எடுத்து அனுப்பறாங்க. நட்புக்கு மார்க் போட்டுப் பழக்கிட்டோம், அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.

போனால நல்லதே இல்லன்னு சொல்ல வரல. திக்குவாய் இருக்கற ஒரு பையன் கிளாஸ்ல வாயே திறக்க மாட்டான், கேம் சாட்ல அவன் தான் டீம் லீடராம். அந்த மாதிரி பசங்களுக்கு அது பெரிய ஆறுதல், அதப் பிடுங்கறது பாவம்.

ஆஸ்திரேலியால 2025 டிசம்பர் 10லேர்ந்து 16 வயசுக்குக் கீழ உள்ளவங்க சோஷியல் மீடியால அக்கவுண்ட் வச்சுக்க முடியாது. கம்பெனிங்க மேல பொறுப்பப் போட்டது சரி தான்னு நினைக்கறேன். ஆனா போன வாங்கி வச்சுட்டு அந்த இடத்துல எதையும் வைக்கலன்னா, 16 முடிஞ்ச அன்னிக்கு அதே பழகாத பசங்க தான உள்ள போகப் போறாங்க? பெத்தவங்க ஒண்ணு செய்யலாம். பையன் "ஸாரின்னு மெசேஜ் போட்டுட்டேன்"னு சொன்னா, போய் நேர்ல பாத்துட்டு வாடான்னு அனுப்புங்க. சின்ன சண்டைக்கெல்லாம் நாமளே அடுத்த வீட்டு அம்மாவுக்கு போன் போட்டு பஞ்சாயத்து பண்ண வேண்டாம். ஸ்கூல்லயும் இன்டர்வல் நேரத்த எதுக்கும் எடுத்துக்காம அப்படியே விட்டுடணும், என் சக ஆசிரியர்களுக்கும் சேத்து தான் சொல்றேன்.

உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவ இந்த விஷயம் எழுதும்போது டாக்டர்கிட்டயும் எங்ககிட்டயும் மட்டும் கேக்காம, பதினாலு பதினஞ்சு வயசுப் பசங்ககிட்டயே கேளுங்க, பேர் போடாம. கடைசியா யார்கூட சண்டை போட்ட, எப்படி சரியாச்சுன்னு மட்டும் கேட்டாலே போதும், நிறைய சொல்லுவாங்க.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியை