தலைமையாசிரியர் கடிதம்: அரையாண்டுச் செய்திகளும் புதிய கட்டடத்துக்கான இடமும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் நல்லபடியாகப் பள்ளிக்குத் திரும்பியிருக்கிறார்கள். அரையாண்டுத் தேர்வில் பெரும்பாலான வகுப்புகளில் தேர்ச்சி கூடியிருக்கிறது. கலைத் திருவிழாவில் பரிசுகள் வாங்கினோம். கபடி அணி நன்றாக ஆடியது. மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கான என்எம்எம்எஸ் தேர்வுக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சனிக்கிழமைகளிலும் வந்து படிக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு நெருங்குகிறது. வீட்டில் டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அனைவருக்கும் பாராட்டுகள்.

சரி, எல்லோர் மனதிலும் ஓடிக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்குப் புதுக் கட்டடம் எந்த இடத்தில் வர வேண்டும் என்ற பேச்சு ஊரையே இரண்டாக்கி வைத்திருக்கிறது. சென்ற வாரம் சர்வேயர் நட்டுவிட்டுப் போன கற்களில் இரண்டை யாரோ பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை ஒரு தெருவிலிருந்து பிள்ளைகளே வரவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவுகளை நானும் கேட்டேன். அதனால்தான் மூன்று இடங்களைப் பற்றியும் நமக்குத் தெரிந்த அனைத்தையும் எழுத்தில் வைக்கிறேன். படித்துவிட்டுக் கூட்டத்துக்கு வாருங்கள்.

முதலில், இடம் எதற்கு என்று மறந்துவிட வேண்டாம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களைச் சோதித்தபோது நம் ஓட்டுக் கட்டடமும் இடிக்க வேண்டிய பட்டியலில் சேர்ந்தது. இடித்தும் ஆயிற்று. ஆறாம், ஏழாம் வகுப்புகள் சமுதாயக் கூடத்தில் நடக்கின்றன. அங்கே கல்யாணம் என்றால் வேப்பமரத்தடி. மழை என்றால் விடுமுறை. இருக்கிற இடம் முக்கால் ஏக்கர்கூட இல்லை, நாலு பக்கமும் வீடுகள். 200 மீட்டர் ஓடுதளம் ஒன்று போடவே ஏறக்குறைய ஓர் ஏக்கர் வேண்டும். ஊராட்சிப் பகுதியில் தனியார் பள்ளி தொடங்க அரசு கேட்பது 3 ஏக்கர். நம் பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவாக நாம் ஏன் கேட்க வேண்டும்? ஆனால் நிலம் நம் பெயரில் கைக்கு வந்தால்தான் மதிப்பீடு போடுவார்கள், நிதி கேட்க முடியும்.

முதல் இடம், கண்மாய்க்குள் இருக்கும் 5 ஏக்கர். சமதரை, ஊரை ஒட்டியது, காசு கொடுக்க வேண்டாம். "கண்மாய் பெருகி எத்தனை வருஷமாச்சு, இனி எங்கே தண்ணீர் வரப்போகிறது" என்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். நம் தூத்துக்குடி மாவட்டத்திலேயே காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எத்தனை கண்மாய்கள் உடைந்தன, எத்தனை ஊர்கள் தீவாக நின்றன என்பது உங்களுக்கே தெரியும். தண்ணீருக்குத் தன் பாதை மறக்காது. இஞ்சினியர் சொல்லி அங்கே ஒரு குழி தோண்டினோம். ஓர் ஆள் இடுப்பளவு போவதற்குள் ஊற்று கிளம்பிவிட்டது. மறுநாள் காலையில் குழியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

அதையும் விடுங்கள், சட்டமே இடம் கொடுக்காது. நீர்நிலைப் புறம்போக்கைக் காப்பதற்கென்றே 2007இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தை மேடாக்கி வீடு கட்டிய வழக்கில், 2011இல் உச்ச நீதிமன்றம் அவர்களை வெளியேற்றச் சொன்னதோடு நிற்கவில்லை; எல்லா மாநிலங்களும் ஊர்ப் பொதுநிலங்களை மீட்க வேண்டும் என்றும் சொன்னது. ஏற்கெனவே பள்ளி நிற்கும் நிலத்துக்கு அந்தத் தீர்ப்பில் விதிவிலக்கு உண்டு என்று ஒருவர் எடுத்துச் சொன்னார். உண்மைதான். ஆனால் ஏற்கெனவே நிற்பது வேறு, தெரிந்தே போய்ப் புதிதாகக் கட்டுவது வேறு. கண்மாய் மண்ணில் அடித்தளம் போடச் சொல்லி எந்த அதிகாரியிடமும் நான் மனு கொடுக்க மாட்டேன்.

இரண்டாவது, நம்மூர்க் குடும்பம் ஒன்று தானமாகத் தருவதாகச் சொன்ன 3 ஏக்கர் புஞ்சை. அந்தப் பெரிய மனசுக்கு என் கும்பிடு. 2024 ஜனவரியில் மதுரை மாவட்டம் யா.கொடிக்குளத்தில் பூரணம் அம்மாள் என்ற வங்கி ஊழியர், இறந்துபோன மகள் ஜனனியின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்குப் பத்திரம் பதிந்து கொடுத்தார். நம்மூரிலும் அப்படி ஒரு கை நீண்டது என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமைதான்.

ஆனால் நிலம் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம், கடன் எதுவும் இல்லை. பங்காளிகளில் ஒருவர் வெளி மாநிலத்தில் இருக்கிறார், இன்னும் சம்மதம் சொல்லவில்லை. உட்பிரிவு செய்து, எல்லோரும் கையெழுத்திட்டு, பள்ளிக் கல்வித் துறை பெயருக்குப் பதிவு செய்தால்தான் தானம் தானமாகும். வாய்வார்த்தையை நம்பிக் கட்டிவிட்டு அடுத்த தலைமுறையில் பள்ளி கோர்ட்டு வாசலில் நிற்கக் கூடாது.

பத்திரத்தைக்கூடச் சரிசெய்துவிடலாம். எனக்குப் பெரிய கவலை ரோடுதான். அந்த நிலம் நான்கு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் திருநெல்வேலி போகும் அத்தனை வண்டிகளும் பறக்கிற ரோடு. சுரங்கப்பாதை அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நான்கே கால் மணிக்கு மணி அடித்ததும் ஆறாம் வகுப்புப் பையன் அரை கிலோமீட்டர் சுற்றிப் போவானா, நடுத்திட்டைத் தாண்டிக் குதிப்பானா? அவனைப் பெற்றவர்கள் நீங்கள், பதில் உங்களுக்குத் தெரியும். பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட்டாலும் ரோடு அங்கேதான் இருக்கும்.

மூன்றாவது, ஊருக்கு வடக்கே சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் 3 ஏக்கர் 20 சென்ட். கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் 'தீர்வை ஏற்படாத தரிசு', அதாவது நிலவரி விதிக்கப்படாத அரசுத் தரிசு என்று இருக்கிறது. மேய்க்காலும் இல்லை, நீர்நிலையும் இல்லை, வண்டிப்பாதையும் குறுக்கே போகவில்லை. நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தை வைத்து சர்வேயர் அளந்தபோது எல்லைகள் ஒத்துப்போயின. மேய்க்கால் நிலமாக இருந்தால் பதிலுக்கு மாற்று நிலம் காட்ட வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை. ஊராட்சித் தீர்மானமும் விஏஓ அறிக்கையும் வைத்து வட்டாட்சியர் வழியாகக் கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பி, நிலத்தைப் பள்ளிக் கல்வித் துறைக்கு மாற்றித் தரக் கேட்கலாம்.

முள்ளை வெட்டி அங்கேயும் குழி போட்டோம். மேலே நாலு அடி கரிசல். அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல், அப்புறம் கடப்பாரை 'டங்'கென்று எகிறும் கெட்டித் தரை. இஞ்சினியர் மேல்மண்ணில் ஒரு பிடி எடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் உருட்டித் திரித்துக் காட்டினார். பென்சில் கனத்துக்கு வந்தும் உடையவில்லை. கரிசலின் சங்கதி அதுதான்: மழையில் உப்பும், கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். நம்மூரில் எந்த வீட்டுச் சுவரில்தான் வெடிப்பு இல்லை? அஸ்திவாரத்தைக் கரிசலில் நிறுத்தாமல் கெட்டித் தரைவரை இறக்க வேண்டும் என்றார். கரிசல் ஆழமாகப் போகிற இடங்களில் அடி அகன்ற தூண்களை 3.5 மீட்டருக்குக் குறையாமல் இறக்குவார்களாம். இங்கே கெட்டித் தரை சீக்கிரம் கிடைப்பதால் செலவு குறையலாம். முறையான மண் பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் எதையும் உறுதியாகச் சொல்வேன் என்றும் சொன்னார்.

குறைகளும் உண்டு, மறைக்கவில்லை. வடகிழக்கு மூலையில் உயர் அழுத்த மின்கம்பி போகிறது. கட்டடத்தைத் தள்ளிக் கட்டிக்கொள்ளலாம், ஆனால் பிள்ளைகள் விளையாடும் திடலுக்கு மேல் கம்பி போகக் கூடாது. கம்பத்தை மாற்றச் சொல்லி மின்வாரியத்துக்கு எழுத வேண்டும். வழியில் உள்ள ஓடைத் தரைப்பாலம் பெருமழையில் மூழ்குகிறது. அதை உயர்த்தித் தராமல் அங்கே பள்ளி வேண்டாம் என்பதே என் கருத்து. போர்த் தண்ணீர் உப்பு. தாமிரபரணி கூட்டுக் குடிநீர்க் குழாயிலிருந்து இணைப்பு கேட்க வேண்டும். மயானம் பக்கத்தில் இருக்கிறது என்கிறார்கள். இடையில் ஓடையும் ஒரு புஞ்சையும் இருக்கின்றன, சுற்றுச்சுவரும் வரும். சாவு ஊர்வலம் போகிற பாதையும் பிள்ளைகள் வருகிற பாதையும் வேறு வேறு.

மூன்றில் எதைச் சொல்வாய் என்று கேட்டால், பாலமும் மின்கம்பியும் சரியாகும் என்ற நிபந்தனையோடு மூன்றாவது இடத்தைத்தான் சொல்வேன். முடிவு பள்ளி மேலாண்மைக் குழுவுடையது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான், பாதிப் பேர் பெண்கள். நான் என்ன சொன்னாலும் நீங்கள் காரணம் காட்டி மறுக்கலாம்.

ஆனால் ஒரு காரணத்தை மட்டும் என்னிடம் கொண்டு வராதீர்கள். "அந்த இடம் காலனிக்குப் பக்கத்தில் இருக்கிறதே, சார்" என்று சிலர் தனியாக வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்கள். இத்தனை காலமாக அந்தப் பிள்ளைகள் உங்கள் தெருக்களைக் கடந்துதான் பள்ளிக்கு வந்தார்கள். இனி உங்கள் பிள்ளைகள் அவர்கள் தெருவைக் கடந்து வருவார்கள். இதில் பேச ஒன்றுமில்லை. இதைக் குழுக் கூட்டத்தில் யார் எழுப்பினாலும் நான் அங்கேயே நிறுத்துவேன், தீர்மானப் புத்தகத்திலும் எழுதி வைப்பேன்.

அதேபோல, பெரியவர்கள் சண்டைக்குப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்துவது இன்றோடு முடியட்டும். திங்கட்கிழமை வராதவர்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் இருந்தார்கள். அன்று அறிவியல் செய்முறைப் பயிற்சி நடந்தது. சர்வே கல்லைப் பிடுங்குவது 1923ஆம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டப்படி குற்றம். நான் புகார் கொடுக்கவில்லை, கொடுக்கும் எண்ணமும் இல்லை. இரண்டு கற்களும் பள்ளி வாசலுக்கு வந்து சேர்ந்தால் போதும். யார் வைத்தது என்று கேட்க மாட்டேன்.

இவ்வளவும் கண்டிப்பாக எழுதியதற்குக் காரணம், இந்தப் பள்ளி மேல் உங்களுக்கு இருக்கும் பாசத்தை நான் அறிவேன். பள்ளி எங்கே வந்தால் என்ன என்று இருக்கிற ஊரில் இப்படிச் சண்டை வராது. கட்டடத்தை இடித்த நாளில் பெஞ்சுகளைத் தலையில் சுமந்து சமுதாயக் கூடம் சேர்த்தவர்கள் நீங்கள். மழையில் பிள்ளைகள் நனையக் கூடாதென்று தார்ப்பாய் கொண்டுவந்து கட்டியவர்களும் நீங்கள்தான். சம்பளம் வாங்காமல் முள் வெட்டிக் கொடுத்த நூறு நாள் வேலை அம்மாக்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு வேப்பமரத்தடியில் சிறப்புக் கூட்டம். அதற்கு முன், காலை 10 மணிக்கு மூன்று இடங்களையும் எல்லோரும் சேர்ந்து போய்ப் பார்ப்போம். வீட்டில் உள்ள தாத்தா பாட்டிகளையும் கூட்டி வாருங்கள். எந்த வருஷம் எதுவரை தண்ணீர் ஏறியது, எந்தப் புஞ்சையில் கிணறு வெட்டும்போது என்ன மண் வந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். 'அ' பதிவேட்டு நகல், புலப்படம், வில்லங்கச் சான்று மூன்றும் அலுவலக மேசையில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகிறவர்கள் கருத்தை எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால் கூட்டத்தில் வாசிப்போம்.

அன்புடனும் நன்றியுடனும்,
தலைமையாசிரியர்
அரசு உயர்நிலைப் பள்ளி