உமேதாவைப் பற்றிப் பேசாத வழிகாட்டிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜப்பானில் வழிகாட்டியோடு ஒரே நாளில் நூடுல்ஸையும் காமிக்ஸையும் சுற்றிப் பார்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே இருந்தது. ஆனால் இந்த இரண்டையும் எதற்காகச் சேர்த்தார்கள் என்று புரியவில்லை, டிக்கெட் வாங்கியாயிற்று, போய்வந்தோம் என்று கட்டுரையாளர் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் வழிகாட்டி.

என் மகள் ஒசாகாவில் வேலை பார்க்கிறாள். அவளிடம் போயிருந்தபோது நாங்களும் நூடுல்ஸ் அருங்காட்சியகம் உள்ள இகேதா, காமிக்ஸ் அருங்காட்சியகம் உள்ள தகாரசூகா என்று இதே சுற்றுக்குப் போனோம். எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு. ஆனால் எங்கே படம் எடுக்கலாம், எங்கே என்ன வாங்கலாம் என்பதற்கு மேல் அவர் பேசவே இல்லை.

முதலில் ரயிலைச் சொல்கிறேன். ரயில்வேயில் வேலை பார்த்தவன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊர்களும் ஹான்க்யூ ரயில் கம்பெனியின் தகாரசூகா லைனில்தான் இருக்கின்றன. ஒசாகாவின் உமேதா ஸ்டேஷனில் ஏறினால் சுமார் இருபது நிமிடத்தில் இகேதா. அதே தண்டவாளத்தின் கடைசி ஸ்டேஷன் தகாரசூகா. பெட்டிகளெல்லாம் மெருகேற்றிய அரக்குச் சிவப்பு. 1910இல் இந்த லைனைப் போட்டபோது வழியில் பெரிய ஊர் எதுவும் இல்லை. பயணிகள் இல்லாமல் ரயில் எப்படி ஓடும்? கம்பெனியை நடத்திய இச்சிசோ கொபயாஷி இகேதாவில் வீடுகள் கட்டித் தவணையில் விற்றார். லைனின் மறுமுனையில் பெண்கள் மட்டுமே நடிக்கும் இசை நாடகக் குழுவைத் தொடங்கினார். 1914இல் மேடையேறிய அந்தக் குழு இன்றும் அரங்கை நிறைக்கிறது. நம் கதையின் இரண்டு நாயகர்களும், நூடுல்ஸ்காரரும் காமிக்ஸ்காரரும், இந்த லைனில் குடியிருந்தவர்கள்.

வழிகாட்டி எங்களை உமேதாவில்தான் கூட்டிச் சேர்த்தார். கொடியைத் தூக்கிப் பிடித்து, தலைகளை எண்ணி, நேரே ரயிலில் ஏற்றிவிட்டார். அங்கேயே ஐந்து நிமிடம் நிறுத்திப் பேசியிருந்தால் அன்றைய நாள் முழுவதற்கும் அர்த்தம் வந்திருக்கும். போர் முடிந்த சமயத்தில் ஒசாகா குண்டுவீச்சில் எரிந்துபோன நகரம். உமேதா ஸ்டேஷனுக்குப் பின்னால் கள்ளச்சந்தை நடந்தது. ஒரு கிண்ணம் சூடான நூடுல்ஸுக்காகக் குளிரில் நீண்ட வரிசையில் நின்ற ஜனங்களை, பின்னாளில் இன்ஸ்டன்ட் நூடுல்ஸைக் கண்டுபிடித்த மொமொஃபுகு ஆண்டோ பார்த்தது அங்கேதான். பின்னாளில் காமிக்ஸ் ஓவியரான ஒசாமு தேஸுகா அப்போது பதினாறு வயதுப் பையன். படிப்பை விட்டுத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பப்பட்டு, ஒசாகா எரிவதை நேரில் பார்த்தவர். 1945 ஆகஸ்ட் 15 இரவு தகாரசூகாவிலிருந்து ரயிலேறி வந்து, உமேதாவில் விளக்குகள் எரிவதைக் கண்டு, பிழைத்துவிட்டோம் என்று உணர்ந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒருவர் பார்த்தது வயிற்றுப் பசியை. அடுத்தவர் தலைமுறைக்கோ கதைப் பசியும் சேர்ந்துகொண்டது. சுற்றுலாக் கம்பெனி தெரிந்து சேர்த்ததோ தெரியாமல் சேர்த்ததோ, ஜோடி பொருத்தமானதுதான்.

ஆண்டோ ஜப்பானிய ஆட்சியில் இருந்த தைவானில் 1910இல் பிறந்தவர். 1957இல் அவர் தலைமை வகித்த கடன் சங்கம் திவாலாகி, இகேதா வீட்டைத் தவிர மற்றதெல்லாம் போயிற்று. கொல்லைப்புறத்தில் ஒரு கொட்டகை போட்டு, வெந்நீர் ஊற்றினால் உடனே தயாராகும் நூடுல்ஸுக்காக ஏறக்குறைய ஒரு வருடம் உட்கார்ந்தார். காயவைத்த நூடுல்ஸ் சீக்கிரம் வேகவில்லை. மனைவி எண்ணெயில் தெம்புரா (நம் பஜ்ஜி மாதிரி மாவில் தோய்த்தது) பொரிப்பதைப் பார்த்தபோதுதான் வழி பிறந்தது. மாவிலுள்ள தண்ணீர் சூட்டில் வெளியேறிப் பொடிப்பொடித் துளைகளை விட்டுச் செல்கிறது, பிறகு வெந்நீர் அந்தத் துளைகள் வழியே உள்ளே போகிறது. 1958 ஆகஸ்ட் 25இல் சிக்கன் ராமன் என்ற பெயரில் அந்த நூடுல்ஸ் கடைக்கு வந்தது. விலை 35 யென். அன்றைக்கு ஒரு கட்டு உதோன் நூடுல்ஸ் 6 யென்னுக்குக் கிடைத்தது என்பதால், பசிக்கென்று கண்டுபிடித்த பொருள் பசித்தவனுக்கு எட்டாத விலையில்தான் அறிமுகமானது. இகேதா அருங்காட்சியகத்தில் எனக்கு ரொம்ப நேரம் நிற்கத் தோன்றியது, அந்தக் கொட்டகையின் மாதிரி முன்புதான். வாணலி, தராசு, மாவு பிசைந்த மேஜை, அவ்வளவே. எங்கள் குழு அதைப் பார்த்த வேகம், எக்ஸ்பிரஸ் சின்ன ஸ்டேஷனைத் தாண்டுகிற வேகம்.

எல்லாரும் ஓடியது நாமே கப் நூடுல்ஸ் செய்துகொள்ளும் இடத்துக்கு. அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, கப்புக்கு மட்டும் 500 யென். கப்பில் வண்ணப் பேனாவால் வரைந்துகொள்ளலாம். நான்கு சூப்களில் ஒன்று, பன்னிரண்டு மேல்பொருட்களில் நான்கு. 5,460 விதமாகச் சேர்க்கலாம் என்கிறார்கள். ஒரே பொருளை நான்கு தடவை போடுவதையும் சேர்த்தால் கணக்கு சரியாகவே வருகிறது, ரயிலில் போட்டுப் பார்த்தேன். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கட்டுரை சொல்லாத ஒன்றை நம் வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். மேலே காய்கறியாகவே பார்த்துப் போட்டாலும் சூப் தூள் அசைவம். ‘கர்ரி’ (curry) சூப் என்ற பெயரைப் பார்த்து நம் ஊர் மசாலா என்று நினைத்துவிட வேண்டாம். சைவக்காரர்கள் கப்பைச் செய்து அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், சாப்பிட முடியாது. பன்றி இறைச்சி தவிர்ப்பவர்களும் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

அப்புறம் தகாரசூகா. தேஸுகா ஐந்து வயது வாக்கில் குடும்பத்தோடு அங்கே வந்து, இருபத்து நான்கு வயது வரை வாழ்ந்தார். 1994இல் திறந்த அவர் நினைவு அருங்காட்சியகத்தின் கட்டணம் 700 யென். பள்ளி நாட்களில் அவர் பூச்சிகளை வரைந்த நோட்டுகளைப் பார்த்தால் அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று விளங்கும். தாயார் அந்தப் பெண்கள் நாடகத்துக்கு அவரை அழைத்துப்போவாராம். ஆண் வேடமிட்ட இளவரசியின் கதையை அவர் பின்னாளில் வரைந்ததற்கு அந்த மேடைதான் காரணம். 1946இல் சிறுவர் பத்திரிகையில் முதல் தொடர். அதன் பிறகு ஒசாகாவில் மட்டமான தாளில் அச்சாகி, மிட்டாய்க் கடையிலும் பொம்மைக் கடையிலும் விற்ற மலிவுப் புத்தகங்கள். இதற்கிடையில் மருத்துவப் படிப்பையும் முடித்தார். ரோபோ சிறுவன் கதையான அவருடைய ஆஸ்ட்ரோ பாய் 1952இல் தொடங்கியது. முத்து காமிக்ஸுக்குக் காசு சேர்த்த என் தலைமுறைக்கு மிட்டாய்க் கடைப் புத்தகம் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

மேல்மாடியில் அவருடைய புத்தகங்களை எடுத்து உட்கார்ந்து படிக்க ஒரு நூலகம் இருக்கிறது. புத்தரின் வாழ்க்கையை அவர் 1972 முதல் 1983 வரை தொடராக வரைந்தார். கபிலவஸ்துவை ஜப்பானியர் ஒருவர் எப்படிக் கற்பனை செய்தார் என்று பார்க்கலாமே என எடுத்துப் புரட்டத் தொடங்கியபோது கொடி உயர்ந்துவிட்டது. மாலையில் ஒசாகா திரும்பி ஒரு பொம்மைக் கடை வளாகத்தில் தாராளமாக நேரம் கொடுத்தார்கள். அந்த நேரத்தை அப்படியே நூலகத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

வழிகாட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளக்கப் பலகைகளில் பல ஜப்பானிய மொழியில்தான் இருக்கின்றன, நமக்கு ஆள் தேவை. பதிவு செய்வதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: தகாரசூகாவில் எவ்வளவு நேரம், கடையில் எவ்வளவு நேரம். பதில் பிடிக்காவிட்டால் ரயில் டிக்கெட் எடுத்து நீங்களே போய்விடலாம், வழி தப்ப வாய்ப்பே இல்லை. இரண்டு இடத்துக்கும் வார விடுமுறை வெவ்வேறு கிழமை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டுரையை மறுபடி வெளியிடுவதாக இருந்தால் உமேதாவையும் சைவ விஷயத்தையும் சேர்த்து, ஹான்க்யூ லைனின் வரைபடம் ஒன்றையும் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
பொன்மலை, திருச்சி.