திருத்தும் முன் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

சின்னப் பிள்ளைகளை எண்கள் எழுத வைக்கும் அவசரத்தில், பொருள்களை வகை பிரிக்கும் விளையாட்டை ஒதுக்கிவிடுகிறோம். வருத்தமாக இருக்கிறது. பல நிறங்களில், வட்டமும் சதுரமுமாகப் பெரிய பொத்தான்களைக் கொடுத்துப் பாருங்கள் (பிள்ளை வாயில் போட்டுவிடாதபடி பக்கத்திலேயே இருங்கள்). 3 வயதுப் பிள்ளை நிறம் பார்த்து அழகாகப் பிரிக்கும். சரி, இப்போது வடிவம் பார்த்துப் பிரி என்றால், பெரும்பாலும் நிறத்துக்கே திரும்பும். அது பிடிவாதம் இல்லை. ஒரு விதியை விட்டு இன்னொன்றுக்கு மாற மனம் இன்னும் பழகவில்லை. 5 வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வந்துவிடும்.

என் மகள் ஒரு நாள் பொத்தானையும் சாவியையும் சேர்த்து வைத்தாள். தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். "ரெண்டுலயும் ஓட்டை இருக்கும்மா" என்றாள். பெற்றோரும் ஆசிரியர்களும் தயவுசெய்து முதலில் "ஏன் இப்படி வைத்தாய்?" என்று கேளுங்கள்.

– ஒரு வாசகி