படத்தில் இருந்த இரண்டு தவறுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடக்கச் சிரமப்படுவோருக்கான மடக்கு மின் ஸ்கூட்டர் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். அறிமுகம் நன்றாகவே இருந்தது. உடன் வெளியான படம்தான் உறுத்துகிறது. பெரியவர் ஒருவர் கைப்பிடித் தண்டைப் பற்றி, அதன்மேல் பாரத்தைப் போட்டு எழ முயல்கிறார். சாவி திருகியபடியே இருக்கிறது. இருக்கையின் முதுகுப்பக்கம் கனமான பை ஒன்று தொங்குகிறது. கட்டுரையைப் படிக்காமல் புரட்டிப்போகிறவரும் படத்தைப் பார்த்திருப்பார், அதனால்தான் இதை எழுதுகிறோம்.

அந்தத் தண்டு வண்டியைத் திருப்புவதற்கானது, ஊன்றி எழுவதற்கு அல்ல. அதன் சாய்வை ஒரு திருகோ சிறு பூட்டோதான் பிடித்து நிறுத்துகிறது. ஆள் பாரம் விழுந்தால் சட்டென்று மடங்கிவிடும். அதைவிட ஆபத்து, உள்ளங்கைக்குக் கீழேயே இருக்கும் லீவர். பெரும்பாலான மாடல்களில் வலப்பக்கம் அழுத்தினால் முன்னே போகும், இடப்பக்கம் அழுத்தினால் பின்னே வரும். வேகத் திருகை முயல் படத்தின் பக்கம், அதாவது அதிக வேகத்தில், வைத்திருந்து, சாவியும் போட்டிருந்தால், சட்டைக்கை பட்டாலே வண்டி துள்ளிவிடும். ஒரு கால் தரையிலும் ஒரு கால் வண்டியிலும் இருக்கும் நேரம் அது.

இறங்கும் முறை இப்படி இருக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, சாவியை அணைத்து உருவிவிட வேண்டும். தண்டை முன்பக்கமாகத் தள்ளி இடம் விட வேண்டும். இருக்கைக்கு அடியிலுள்ள லீவரை இழுத்து இருக்கையைப் பக்கவாட்டில் திருப்பி, 'கிளிக்' என்று பூட்டும் சத்தம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். சத்தம் கேட்காத இருக்கை, எழும்போது உடம்போடு சேர்ந்து சுழலும். இரு பாதங்களும் தரையில் படிந்தபின், இரண்டு கைத்தாங்கிகளிலும் சமமாக ஊன்றி எழலாம். ஏறும்போதும் இதே வரிசைதான், தலைகீழாக. உட்கார்ந்து, இருக்கையை நேராகத் திருப்பிப் பூட்டிய பிறகே சாவி. கைப்பிடி லீவரை அழுத்திக்கொண்டே சாவியைத் திருப்பினால் வண்டி நகராது. பலரும் இதைப் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். அது வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. கையை எடுத்து, அணைத்து, மறுபடி போட்டால் ஓடும்.

அடுத்தது பை. மடக்கு ஸ்கூட்டரில் பின்சக்கரங்கள் ஏறக்குறைய இருக்கைக்கு நேர் கீழேயே இருக்கும். முதுகுப்பக்கம் தொங்கும் சுமை அவற்றின் அச்சுக்கும் பின்னால் போய்விடுகிறது. சமதளத்தில் ஒன்றும் தெரியாது. மேடேறும்போது முன்சக்கரம் லேசாகும். கவிழ்வதற்கு முன்பே திருப்பினால் திரும்பாத நிலை வரும். பின்னால் தரையை ஒட்டி இருக்கும் குட்டிச் சக்கரங்கள் வண்டி பின்பக்கம் கவிழாமல் தடுக்கத்தான். இடிக்கிறது என்று கழற்றிவிடாதீர்கள். சாமான்களை முன்கூடையில், அதற்குச் சொல்லியிருக்கும் எடைக்குள் வையுங்கள். வண்டியின் சுமை வரம்பு என்பது ஆளும் பையும் சேர்ந்த கணக்கு.

சரிவைப் பற்றிக் கட்டுரை ஒரு வரியோடு விட்டுவிட்டது. இந்த வகை வண்டிகள் பலவற்றின் வரம்பு 6 முதல் 8 பாகைதான். 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரும் சாய்தளம் 5 பாகைக்கும் குறைவு, அதில் கவலை இல்லை. ஆனால் 40 சென்டிமீட்டர் உயரமுள்ள காரின் பின்தளத்துக்கு 2 மீட்டர் பலகை போட்டால் சரிவு 11 பாகையைத் தாண்டிவிடும். அதில் ஆளோடு ஏறவே கூடாது. ஏறும்போது நேராக, உடலைச் சற்று முன்சாய்த்து, நடுவில் நிற்காமல்; இறங்கும்போது வேகத் திருகு ஆமைப் பக்கம். மூலைவாட்டில் போனால் மூன்று சக்கர வண்டி பக்கவாட்டில் சாயும். வளைவுகளிலும் திரும்புவதற்கு முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும்.

கட்டுரையில் ஒரு சொல்கூட வராதது நியூட்ரல் லீவர். பின்பக்கம், மோட்டாரின் அருகே இருக்கும். இந்த வண்டியின் பிரேக் மின்காந்தப் பிரேக். ஸ்பிரிங் பிடித்துக்கொண்டிருக்கும், மின்சாரம் பாய்ந்தால்தான் விடும். அதனால்தான் கையை எடுத்தவுடன் நிற்கிறது, பேட்டரி தீர்ந்தாலும் நிற்கிறது. நியூட்ரல் லீவர் அந்தப் பிடியை முழுவதுமாக விலக்கிவிடும். ஆள் இல்லாமல் தள்ளிச் செல்ல மட்டுமே அது. சரிவில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது அதைத் தொட்டால் வண்டியை நிறுத்தக் கைப்பிடியில் எதுவும் மிச்சமிருக்காது. ஒவ்வொரு முறையும் ஏறுமுன், சாவி இல்லாமல் வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். உருண்டால் லீவர் நியூட்ரலில் இருக்கிறது. அதைப் பழைய நிலைக்குத் தள்ளிய பிறகும் உருண்டால் பிரேக் பழுது, ஏறாதீர்கள். ஓடும் வண்டியைச் சாவியை அணைத்து நிறுத்தும் பழக்கமும் வேண்டாம். பிரேக் ஒரேயடியாகப் பிடித்து ஆளை முன்னே தள்ளும்.

இருக்கையின் உயரத்தைச் சரிசெய்வது எளிது, அவசரப்பட்டால்தான் தொல்லை. பாதம் தளத்தில் முழுதாகப் படிந்து, முழங்கால் ஏறத்தாழ செங்கோணத்தில் இருக்க வேண்டும். கால் தொங்கினால் இருக்கை அதிக உயரம். பாரமும் மேலே ஏறிவிட்டது, வளைவில் சாயும். இருக்கைத் தண்டின் துளையில் செருகும் ஊசி மறுபக்கம் வெளியே தெரிய வேண்டும். பாதி செருகிய ஊசி குலுக்கலில் நழுவும். கைப்பிடியின் சாய்வை முழங்கை லேசாக மடங்கும்படி வைத்து, வண்டி நின்ற நிலையில் மட்டும் மாற்றுங்கள். எதை மாற்றினாலும் முதல் சுற்று ஆமை வேகத்தில்தான். மடித்து விரித்த பிறகு பூட்டுகளைக் கண்ணால் பார்த்தால் போதாது. சட்டத்தையும் இருக்கையையும் இழுத்துப் பாருங்கள்.

பேட்டரி விஷயத்தில் முதலில் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஈய அமில பேட்டரியை ஓட்டி முடித்த அன்றே சார்ஜ் போட வேண்டும். காலியாகவே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறையும். பயன்படுத்தாத நாட்களிலும் மாதம் ஒருமுறை சார்ஜ் வேண்டும். இரண்டு பேட்டரியில் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றுவது வீண், பழையது புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும். லித்தியம் பேட்டரியை நெடுநாள் வைப்பதானால் பாதி சார்ஜில் வைப்பது நல்லது. ஒரு வகையின் சார்ஜரை மற்ற வகைக்குப் போடவே கூடாது. தீப்பிடித்தால் தப்பிக்க வேண்டுமே, வெளியே போகும் ஒரே வழியை அடைத்துக்கொண்டு சார்ஜ் போடுவதும் கூடாது. சார்ஜர் செருகியிருக்கும்போது வண்டி ஓடாது, அதுவும் பழுதல்ல. சார்ஜ் காட்டும் மீட்டரை வண்டி நிற்கும்போது பார்த்து நம்பாதீர்கள். சமதளத்தில் ஓடும்போது காட்டுவதே உண்மைக்கு நெருக்கம்.

விமானத்தில் கொண்டுபோகலாம் என்று எழுதியிருந்தீர்கள். கழற்றக்கூடிய ஒற்றை லித்தியம் பேட்டரிக்கு வரம்பு 300 வாட்-மணி. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் கணக்கு வந்துவிடும்: 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288, உள்ளே அடங்கும். 15 ஆம்பியர்-மணி என்றால் 360, அடங்காது. கழற்றிய பேட்டரி பயணி அறைக்குள்தான் வர வேண்டும், முனைகள் மூடியிருக்க வேண்டும். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதலும் வாங்க வேண்டும்.

இக்கடிதத்தை வெளியிட இடமில்லையென்றாலும், வேறொரு படமாவது போடுங்கள்: தண்டு முன்னே மடங்கியிருக்க, இருக்கை பக்கவாட்டில் திரும்பியிருக்க, பை முன்கூடையில், சாவி அவர் சட்டைப்பையில்.

இப்படிக்கு,
நடமாட்ட உதவிக் கருவிகள் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் சிலர்